வேதா மாமியின் தம்ளர்

பிச்சம்மாளுக்கு முதலில் கொடுத்தது வேலைக்காரி வேஷம்தான். மும்பை தாராவியில் ஞாயிறுதோறும் ஒத்திகை பார்க்கும் நாடகக் குழு அது; எழுதி நடத்துகிறவன் கூரியர் ஆபீசில் வேலை பார்க்கும் மாரிசெல்வம். மாட்டுங்காவில் பத்தொன்பது வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு அந்த வேஷம் தண்ணி பட்ட பாடு என்று அவன் நினைத்தது தப்பில்லை. அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

"அத நான் நித்தம் பண்ணுதேன்லா. ஞாயித்துக்கெழமையாவது நான் அதட்டுதேன், வேற எவளாவது தேய்க்கட்டும்" என்றாள்.

ஆக, வீட்டுக்கார வேதா மாமி வேஷம் அவளுக்கு வந்தது. வேலைக்காரியாக, சயானில் கல்லூரிக்குப் போகும் மாரிசெல்வி. தமிழ் வாசிக்க வராத அந்தப் பெண் வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தபோது, எந்த எழுத்தும் தெரியாத பிச்சம்மாள் இரண்டாம் வாரமே முழு நாடகத்தையும் காதால் வாங்கி ஒப்பித்துவிட்டாள். கெட்டிக்காரி, சந்தேகமில்லை. அதை அவளே நாலு பேரிடம் சொல்லியும் வைத்தாள்.

வேதா மாமியை எங்கே போய்த் தேட வேண்டும்? மாட்டுங்காவில் அவள் வேலை பார்க்கும் மூன்றாம் மாடி வீட்டில் பிரபாவதி மாமி இருக்கிறாரே! மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடுவார். போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கத்துவார். கோபம் வந்தால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். அத்தனையையும் பிச்சம்மாள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து ஒத்திகையில் அவிழ்த்தாள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டாவது காட்சியில்தான் வினை. மாமி காபி குடித்துவிட்டுத் தம்ளரை மேஜையில் வைக்க வேண்டும். வேலைக்காரி அதை எடுக்க வரும்போதுதான் நாடகத்தின் பெரிய சண்டை ஆரம்பம். பிச்சம்மாள் குடிப்பாள், வசனத்தை வெளுத்து வாங்குவாள், தம்ளரைக் கையோடு எடுத்துக்கொண்டு கழுவப் போய்விடுவாள். மாரிசெல்வி வெறும் மேஜையைப் பார்த்தபடி நிற்பாள். மூன்று ஞாயிறு இதே கூத்து. நாலாவது ஞாயிறு மாரிசெல்வம் பொறுமையிழந்தான். அடுத்த வாரமும் தம்ளரோடு எழுந்தால் வேஷத்தை மாற்றிவிடுவதாகவும், அவள் வேலைக்காரியாகவே நடிக்கலாம் என்றும் சொல்லிவிட்டான்.

அந்த 'வேலைக்காரியாகவே' அவளைச் சுட்டது. அழவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அதுவும் தன் கையின் மேல். மாமி குடித்த தம்ளரை அப்படியே விட்டுவிட்டுப் பேப்பர் படிப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். பார்த்ததோடு சரி. பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டு நாற்காலியில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் வேலையை முடித்துவிட்டு, பிரபாவதியிடம் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். வேதா மாமி முக்கால்வாசி யார் என்பதையும் சேர்த்தே சொன்னாள். பிரபாவதிக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"நான் இந்த நாற்காலியில உக்காருதேன் மாமி. நீங்க காபி கொண்டு வரணும். குடிச்ச பொறவு தம்ளர நீங்க எடுத்துட்டுப் போகணும்."

பிரபாவதி அடுக்களைக்குப் போனார். பிச்சம்மாள் உட்கார்ந்தாள். காபி வந்தது, விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் தம்ளரில். அவளுக்கென்று ஜன்னலோரம் ஒதுக்கி வைத்திருக்கும் தம்ளர் அது. இத்தனை வருஷமும் அதில்தான் குடித்தாள். குடித்ததும் தானே கழுவி, அதே ஜன்னலில் கவிழ்த்தாள். தன் கை ஏன் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று அந்த நசுங்கலைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

அவள் கை நீட்டவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இது பிச்சம்மா தம்ளர் மாமி. வேதா மாமி உங்க தம்ளர்லதான் குடிப்பாவ."

பிரபாவதி நீட்டிய தம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்தத் தாழ்ந்த குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? உள்ளே போய், தன்னுடைய தம்ளரில் மாற்றிக் கொண்டுவந்து வைத்தார். பிச்சம்மாள் நிதானமாகக் குடித்து, மேஜையில் வைத்தாள். கை ஒருமுறை எழப் பார்த்தது; மடியில் போட்டு அழுத்திக்கொண்டாள். பேப்பரை எடுத்துப் பிரித்தாள். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, படம் இருக்கிறதே. அடுக்களையில் பிரபாவதி தம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

வேஷம் மாறவில்லை. நாடகம் செம்பூரில் நடந்தது. இரண்டாவது காட்சியில் தம்ளர் மேஜையிலேயே இருந்தது. பிச்சம்மாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாரிசெல்வி எடுக்க வந்தாள், சண்டை மூண்டது, கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. மூன்றாம் வரிசையில் பிரபாவதி, நெற்றியில் கண்ணாடியோடு, கைப்பையில் கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பிச்சம்மாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள். பாத்திரங்களோடு ஜன்னலோரத் தம்ளரையும் தேய்த்தாள். துடைத்து, அலமாரியில் வீட்டுத் தம்ளர்களோடு வரிசையாக வைத்தாள். பிரபாவதி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த வரிசையிலிருந்தே இரண்டை எடுத்துக் காபி ஊற்றினார். பிச்சம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குடித்தாள். தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டு வேலைக்குக் கிளம்பினாள்.