வட்டமாக உட்கார வைத்தாள்

நான் வேலை செய்யும் ஷூ கம்பெனிக்கு வருஷா வருஷம் ஆடிட் வரும். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆள் அனுப்புவார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பெண்களைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்பார்கள். அதற்கு முன்னாடியே ஆபீசில் எங்களை உட்கார வைத்து, இன்னா கேட்டா இன்னா சொல்லணும் என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

என்னை எப்பவும் அதில் சேர்த்துக்கொள்வார்கள். காரணம் எனக்குத் தெரியும். நான் ஜாஸ்தி பேச மாட்டேன். "நல்லா இருக்குது" என்பேன். அதோடு சரி.

இந்த வருஷம் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தது என் மகள்.

அவள் வேலூரில் காலேஜ் படித்தாள். எங்கள் ஊர் பேரணாம்பட்டுக்கு உள்ளே. காலையில் வரும் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் முதல் வகுப்பு போய்விடும். அதனால் ஹாஸ்டல். அவளைச் சேர்த்துவிட்டு வந்த வாரம் மிஷினில் என் தையல் நேராக ஓடவில்லை. சூப்பர்வைசர் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

போன் பண்ணினால் அழுவாள்.

"ரூம்ல ஆறு பேரு மா. பாத்ரூமுக்கு வரிசையில பக்கெட்ட வெச்சுட்டு வந்தா, பின்னாடி நகத்திட்டுப் போறாங்க."

"கேக்க வேண்டியதுதானே?"

"யார கேக்கறது?"

ஏழாவதோடு நின்றவள் நான். யாரையும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை முறுக்கும் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போவேன். ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியேதான் பேசணும். கண் வீங்கி வருவாள். "கூட்டிட்டுப் போய்டு மா" என்பாள். இன்னும் ஒரு வாரம் பாரு என்பேன். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னேன். திரும்பும்போது பள்ளிகொண்டா தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருப்பேன்.

இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிறு வெகுநேரம் நின்றேன். அவள் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்துபோனேன். கடைசியில் ஓடி வந்தாள். பின்னாலேயே நாலைந்து பெண்கள்.

"இரு மா, மெஸ் கமிட்டி மீட்டிங். முடிச்சுட்டு வர்றேன்."

வாட்ச்மேன் சிரித்தார். "உங்க பொண்ணுகிட்ட வார்டனம்மாவே யோசிச்சுத்தான் பேசறாங்க."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கேட்டேன்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? படிக்கத்தானே போன?"

"படிப்பு பகல்ல மா. மீதி நேரமெல்லாம் அங்கதானே இருக்கேன்."

மீட்டிங் எப்படி நடக்கும் என்று அவளே சொன்னாள். எல்லோரும் மெஸ் தரையில் வட்டமாக உட்காருவார்களாம். கடைசியாகச் சேர்ந்தவள் முதலில் பேசணும். பழைய ஆட்கள் கடைசியில்.

"ஏன் அப்படி?"

"பழையவங்க மொதல்ல பேசிட்டா, புதுசா வந்தவங்க அதையே சொல்லிட்டுப் போய்டுவாங்க. நான் அழுதப்போ யாராவது கேட்டாங்களா?"

அப்புறம் இன்னும் என்னென்னவோ. காலேஜிலிருந்து போய் நெமிலி பக்கம் ஒரு கிராமத்தில் கேம்ப் போட்டு ஸ்கூலுக்கு வெள்ளையடித்தார்கள். ரூமில் இருந்த துலுக்கப் பெண்ணிடம் உருது கற்றுக்கொண்டாள். வேறு வீட்டில் படுத்தால் தூங்காதவள், எங்கே விட்டாலும் இருக்கக் கற்றுக்கொண்டாள். எனக்கு ஒரே யோசனைதான். இவள் இப்படியே வேலைக்குப் போனால் எவன் வைத்துக்கொள்வான்?

டிகிரி முடித்ததும் மேனேஜரிடம் நானே போய்க் கேட்டேன். ஆபீசில் போட்டுக்கொண்டார். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் பண்ணுவதாகச் சொன்னார். முதல் நாள் பஸ்ஸில் அவளிடம், "பார்த்து நடந்துக்க" என்றேன். தலையாட்டினாள்.

ஆறு மாதம் முடியப்போகும் நேரத்தில்தான் இந்த ஆடிட் வந்தது.

ட்ரெய்னிங் ரூமில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே வந்தவள், "எல்லாரும் ஒரு கை பிடிங்கக்கா" என்று சொல்லி அவற்றை வட்டமாகப் போட்டாள். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஹாஸ்டல் மெஸ்ஸில் நடத்திய அதே மீட்டிங்.

என் பக்கத்து மிஷின்காரி ஆம்பூர்க்காரி, வீட்டில் உருது பேசுகிறவள். வாய் ஜாஸ்தி. என் காதில், "இன்னாடி, உன் பொண்ணு நம்மள விருந்துக்கு வந்தவங்க மாதிரி சுத்தி உக்கார வைக்குது. பிரியாணி வருமா?" என்றாள். மகள் அதைக் கேட்டு அவளுக்கு உருதுவில் ஏதோ பதில் சொன்னாள். ரூமில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

அப்போது மேனேஜர் டீ கிளாசோடு வந்து கதவு ஓரமாக உட்கார்ந்தார். அவரைப் பார்த்தாவது நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

"கடைசியா சேர்ந்தது யாரு? நீங்க சொல்லுங்கக்கா. இங்க உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

அந்தப் பொம்பளை அதுவரை வீட்டில் பீடி சுற்றியவள். இங்கே யாரிடம் எதைச் சொல்லக்கூடாது என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

"வீட்ல பீடி சுத்தறப்போ வேணும்னா எழுந்து போவேன். இங்க டீ பெல் அடிக்கிற வரைக்கும் பாத்ரூம் பூட்டு. சாவி சூப்பர்வைசர் பாக்கெட்ல. ஒரு ஆம்பளகிட்ட போய் எப்படிமா கேக்கறது?"

மகள், "அடுத்து?" என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கு அடுத்தவளும். ஆம்பூர்க்காரி முறை வந்ததும், "சாவி கேட்டா, இப்பத்தானே போனன்னு கேக்கறான். என் புருஷன்கூட அந்தக் கணக்கு வெச்சதில்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

எல்லோரிலும் பழைய ஆள் நான். கடைசி.

"மத்தவங்கள விடும்மா. நீ சொல்லு, இத்தனை வருஷமா இருக்க" என்றார் மேனேஜர்.

நான் ஆமாம் என்றால், அம்மாவும் பெண்ணும் கூட்டு என்பார். அவள் வேலை போய்விடும். நல்லா இருக்குது என்றால் இத்தனை பேரும் சொன்னது பொய்யாகிவிடும். அவளும்தான் பொய்யாகிவிடுவாள். மகளைப் பார்த்தேன். கண்ஜாடை எதுவும் காட்டவில்லை. மற்றவர்களைக் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"சொல்லுங்கக்கா."

என்னை அக்கா என்றாள்.

"பூட்டித்தான் இருக்குது சார். அதனால வேலைக்கு வந்தா நான் தண்ணியே குடிக்கிறதில்ல."

மேனேஜர் கிளாசைக் கீழே வைத்தார். "அம்மாவும் பொண்ணும் வீட்லயே பேசி வெச்சுட்டு வந்தீங்களா?"

"இல்ல சார். வீட்ல நாங்க பேசறதே கம்மி" என்றாள் மகள்.

அது நிஜம். அவர் எழுந்து அவளைத் தன் ரூமுக்குக் கூட்டிப் போனார். நாங்கள் லைனுக்குத் திரும்பினோம். அவர் ரூம் கண்ணாடிக் கதவு தூரத்தில் தெரிந்தது. நான் தைத்த ஷூ மேல்பாகம் இரண்டில் தையல் கோணலாகிப் போனது. ஆம்பூர்க்காரி சத்தமில்லாமல் அவற்றை எடுத்துப் பிரித்து, தன் மிஷினில் திரும்பத் தைத்தாள்.

மதியம் கேன்டீனில் மகள் ஸ்டாஃப் பக்கம் போகவில்லை. என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பூட்ட எடுக்கச் சொல்லிட்டாரு மா."

"உன் வேலை?"

"ஆடிட் முடியட்டும், அப்புறம் பேசலாம்னாரு."

"எதுக்குடி இந்தப் பேஜார்?"

"வேற மாதிரி நடத்த எனக்குத் தெரியாது மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். நான் டிபன் பாக்ஸை மூடினேன்.

ஆடிட் முடிந்துவிட்டது. ஆறு மாதமும் முடிந்துவிட்டது. மேனேஜர் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை. போக வர அவர் முகத்தைப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. காலையில் கம்பெனி கேட்டில் இருக்கும் மிஷினில் கார்டை வைத்து, பச்சை விளக்கு எரிந்தால்தான் யாரும் உள்ளே போக முடியும். வேலையிலிருந்து எடுத்துவிட்டால் கார்டு வேலை செய்யாது. முன்னெல்லாம் நான் முதலில் போய்விடுவேன். இப்போது அவளை முன்னால் விடுகிறேன். அவள் கார்டை வைக்கிறாள். பச்சை விளக்கு வரும்வரை பின்னால் நிற்கிறேன். வந்ததும் என் கார்டை எடுக்கிறேன்.