செருப்புப் பெட்டியின் சாவி

நான் எழுதிய ஒரே நாவலில் ஒரு தீவு வரும். அங்கே பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயது முடிந்ததும் செருப்பைப் பிடுங்கிக்கொள்வார்கள். அடி இல்லை, சங்கிலி இல்லை. கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு ஒருத்தி எவ்வளவு தூரம் போய்விடுவாள்? தெருவுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு சாவி, சாவிக்கு ஒரு காவல்காரி. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். வளருகிற பிள்ளைகள் படித்து ரோஷப்படட்டும் என்றுதான் எழுதினேன்.

நோட்டில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். பிளஸ் டூ பரீட்சை முடித்து வீட்டிலிருந்த மகள் அதை லேப்டாப்பில் அடித்துத் தந்தாள். ஏழாம் அத்தியாயத்தில் நிறுத்திக் கேட்டாள்.

“இந்தக் காவல்காரி ஏம்மா எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்கா? சீரியல் வில்லி மாதிரி இருக்கு.”

“ஏளா, எழுதினத மட்டும் அடி” என்றேன்.

அந்த வாரம்தான் அவளுக்குச் சென்னையில் கப்பல் படிப்புக்கு இடம் கிடைத்தது. என்னென்னவோ நுழைவுத்தேர்வு எழுதினாள், அதில் இதுவும் ஒன்று என்று அவள் அப்பா நினைத்திருந்தார். அவளுக்கு அது ஒன்றுதான் தேர்வு. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குள் வர முறை பார்த்து நிற்கும் கப்பல்கள் தெரியும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவள். விடுதியில் சேருவதற்குப் பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கேட்டிருந்தார்கள். அடுப்படியில் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கொண்டுவந்து நீட்டினாள்.

“அப்பாகிட்ட கேளு” என்றேன்.

“அம்மா கையெழுத்தே போதும்னு போட்டிருக்கும்மா.”

“நான் எதையும் வேண்டாம்னு சொல்லல. இப்ப என்ன அவசரம்? கப்பல்ல பொம்பளப்பிள்ளைய அனுப்பினா நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாக. நேரம் பாத்து அப்பாட்ட நானே சொல்லுதேன். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.”

கை ஈரம் என்று சொல்லிக் கடிதத்தை ஃபிரிட்ஜ் மேல் வைக்கச் சொன்னேன். நேரம் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவருக்கு அலுவலகத்தில் ஏதோ சண்டை. ஒருநாள் நாத்தனார் நாசரேத்திலிருந்து வந்திருந்தாள். அவள் காதில் விழுந்தால் ஊருக்கே மைக் வைத்த மாதிரி. ஒருநாள் எந்தக் காரணமும் இல்லை, அவர் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். அன்றும் நான் சொல்லவில்லை. கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. அது எனக்கு நன்றாகவே தெரியும். அன்று அவியல் வைத்தேன்.

மகள் அழவில்லை, சண்டை போடவுமில்லை. சனிக்கிழமை ஃபிரிட்ஜ் மேலிருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு உட்கார்ந்து மிச்ச நாவலையும் அடித்து முடித்தாள். உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். அவள் அடித்ததை நான் சரிபார்க்காமலே சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பதிப்பாசிரியர் ஒரு மாதம் கழித்துப் போன் செய்தார். “அந்தக் காவல்காரிதான் மேடம் நாவலே! கத்தாமல், திட்டாமல் எப்படி ஒரு பெண்ணைக் கொன்றுபோடுகிறாள்!”

என் காவல்காரி பக்கத்துக்குப் பக்கம் கத்துவாளே என்று ஏழாம் அத்தியாயத்தைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய வசவு ஒன்றுகூட அங்கே இல்லை. ஒரு சின்னப்பெண் வந்து செருப்பைக் கேட்கிறாள். காவல்காரி சொல்கிறாள்: “நான் எதையும் வேண்டாம்னு சொல்லல. இப்ப என்ன அவசரம்?” நாலு பேரும் இருந்தார்கள். நல்லதும் இருந்தது. கை ஈரம்கூட விட்டுப்போகவில்லை.

ஆண்டவரே, எனக்குக் கோபம் வந்திருக்கலாம், இல்லை வெட்கமாவது வந்திருக்கலாம். ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப்போனால் உதறினால் சரியாகிவிடும். இது உதறியும் போகவில்லை. பழையபடி மாற்றிவிடுங்கள் என்று பதிப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குப் பிடித்திருக்கிறதே என்று விட்டுவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம், புகழ்ச்சி மட்டும் எனக்கு. மகளிடமும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

புத்தக வெளியீட்டை எங்கள் பள்ளி மண்டபத்திலேயே வைத்தார்கள். ஒரு பகுதியை வாசிக்க வேண்டும் என்றபோது, பதிப்பாசிரியர் என் மகளைக் கூப்பிட்டார். அவள் ஏழாம் அத்தியாயத்தை எடுத்தாள். காவல்காரி பேசுகிற இடம் வந்ததும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, ஒவ்வொரு வாக்கியத்தையும் இழுத்து முடித்தாள். அப்படி இழுத்துப் பேசுவது நான்தான். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. முடிந்ததும் என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார்.

வெளியே வந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தோம். அவருக்கு இன்னும் ஆறவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏளா, அந்தப் பொம்பளைய எங்கன பிடிச்ச? சாவியக் கையில வச்சிக்கிட்டு, வேண்டாம்னும் சொல்லமாட்டேங்கா, தெறந்தும் விடமாட்டேங்கா. பாவிமட்ட! எங்கிட்டக் கேட்டிருந்தா நானே பூட்ட ஒடச்சிருப்பேன்.”

கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கேட்டால்தானே தெரியும்.

மகள் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: “அம்மாவுக்குக் கற்பனை ஜாஸ்திப்பா.”

அவர் சிரித்தார். நான் ஆட்டோவுக்குக் கை காட்டினேன்.