ஸ்டெல்லாம்மா படத்துக்குக் கீழே ரேட் கேட்டவர்களுக்கு

ஸ்டெல்லாம்மா போய்விட்டார். போன வாரம் காலையில் காபி போட எழுந்தவர்... அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாராம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் போனைத் திட்டுங்கள்.

இதைப் பழக்கிவிட்டதும் அவர்தான். கை எங்கேயாவது பட்டுவிடுமோ என்று நான் நடுங்கினால், "அவசரப்படாதீங்கண்ணா, எதுவும் அழிஞ்சிடாது" என்பார்.

பெருங்களத்தூரில் நான் வேலை செய்யும் கடையை உங்களில் பாதிப் பேருக்குப் போனில் பார்த்துத்தான் தெரியும். வண்டி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டுகிற கடை. அந்தப் பேஜ், ரீல்ஸ், விளம்பரம், நீங்கள் அனுப்பும் மெசேஜுக்குப் பதில்... எல்லாம் ஸ்டெல்லாம்மா. ஒரே ஆள்.

முதலில் கஸ்டமராகத்தான் வந்தார், கார் பின்கண்ணாடியில் பைபிள் வசனம் ஒட்ட. வந்ததும் வராததுமாகச் சண்டை.

"உங்க கடை மேப்ல ரோட்டுக்கு அந்தப் பக்கம் காட்டுதுண்ணா. நான் அங்க ஒரு சலூன் வாசல்ல நின்னுட்டு வரேன். யார் வெச்சது இதை?"

"எனுக்கு இன்னாம்மா தெரியும்? நான் இந்தப் பக்கந்தான் கீறேன்."

சிரித்துவிட்டார். ஜிஎஸ்டி ரோட்டில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதென்றால் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். எத்தனை பேர் அந்தச் சலூனோடு திரும்பிப் போனார்களோ!

கடைகளுக்கு இதையெல்லாம் பார்த்துக்கொடுப்பதுதான் அவர் தொழிலாம். நான் வசனத்தை ஒட்டி முடிப்பதற்குள் மேப்பைத் திருத்த எழுதிப் போட்டு, முதலாளி பாஸ்கரிடம் வேலையும் பேசிவிட்டார்.

பாஸ்கருக்குப் பெரிய கார் ஆசை. எங்கிருந்தோ எடுத்த வெளிநாட்டுக் கார் படங்களைப் பாட்டு வைத்துப் போடச் சொன்னார்.

"போன வாரம் கடைக்கு என்னென்ன வண்டி சார் வந்துச்சு?"

"குட்டியானை, ஸ்கூல் வேன்... ஒரு தண்ணி லாரி."

"அப்ப அதைத்தானே சார் காட்டணும்? கோடி ரூபா கார்க்காரர் நம்ம வாசல்ல வந்து வெயில்ல நிப்பாரா?"

மீன் விற்பவர் ஒருவரின் குட்டியானை லோடு வண்டியில் நான் வஞ்சிர மீன் ஸ்டிக்கர் ஒட்டியதை வீடியோ எடுத்தார். பாட்டு இல்லை, ஒன்றும் இல்லை. நான் தேய்த்துத் தேய்த்துக் காற்றுக் குமிழை வெளியே தள்ளுவது மட்டும். வால் பக்கம் ஒரு குமிழ் அடம் பிடித்தது. நான் வாய்க்குள் திட்டியது அப்படியே கேட்டது.

"ஐயோ, அத்த எட்த்துடும்மா. மானம் பூடும்."

"அது இருக்கட்டும்ண்ணா. அதுக்குத்தான் பாப்பாங்க."

பார்த்தார்கள். மீன் வண்டிக்காரர்களாக வந்து நின்றார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள், "அந்தத் திட்டுற தாத்தா எங்க?"

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வயிறு எரிகிறது.

அடக்கம் முடிந்த அன்று பாஸ்கர் பேஜில் கண்ணீர் அஞ்சலி போட்டார். ஸ்டெல்லாம்மா படம், மெழுகுவர்த்தி, ரோஜா. நம் ஊர் அஞ்சலி பேனரில் அடியில் வைக்கிறவர் பேர் இருக்குமே... அந்தப் பழக்கத்தில் கடை பேர், போன் நம்பர், லோகோ. சரி, போகட்டும்.

அதோடு நின்றாரா? நிறையப் பேருக்குப் போய்ச் சேரட்டும் என்று பணம் கட்டி விளம்பரமாகத் தள்ளிவிட்டார். அடியில் ஒரு பட்டன் வந்து உட்கார்ந்துகொண்டது. 'இப்போதே புக் செய்யுங்கள்.'

கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே புக் செய்யுங்கள்!

கமெண்ட்டை எனக்குப் போன் படித்துக் காட்டும். கேட்டேன். "ஆழ்ந்த இரங்கல்." "ஆழ்ந்த இரங்கல்." "ஸ்கூல் வேன் ரேட் என்ன சார்?" "கர்த்தர் ஆறுதல் தருவாராக." "சண்டே கடை உண்டா?" எல்லாவற்றையும் ஒரே குரலில் படிக்கிறது அது.

பாஸ்கரிடம் போனேன். "இன்னாபா இது? எட்த்துடு."

"மணிண்ணா, எத்தனை பேர் பாத்திருக்காங்க தெரியுமா? ரீச் ரீச்னு உயிரை விட்டாங்களே... அவங்களுக்கு மரியாதைதானே இது?"

"மரியாதையா? அந்தம்மா மூஞ்சிக்குக் கீய ரேட் கேக்குறான்யா!"

அசையவில்லை. தினமும் சண்டை. கெட்டவர் இல்லை, அதுதான் பேஜார். சாவு வீட்டில் என்னைவிட அதிகம் அழுதவர் அவர்.

நேற்று ஸ்டெல்லாம்மா வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"மணிண்ணா, ஜெனி இன்னைக்குத்தான் ஆபீஸ் கிளம்பினா. பஸ்ல போனைத் திறந்தா அம்மா விளம்பரமா வராங்க. பாதி வழியில இறங்கி வீட்டுக்கு வந்துட்டா."

ஜெனி அவர்கள் மகள். நாவலூரில் வேலை.

இதைச் சொன்னதும் பாஸ்கர் முகம் தொங்கிவிட்டது. "எடுத்துடறேண்ணா, இப்பவே எடுத்துடறேன்." அங்கே தட்டினார், இங்கே தட்டினார். தள்ளிவிடத் தெரிந்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. பேஜே போய்விடுமோ என்று பயம் வேறு.

"இருங்க, கேட்டுடலாம்" என்று முனகிக்கொண்டே ஒரு நம்பரை அழுத்தினார். பேஜில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அவர் கை போகிற நம்பர்.

ஸ்பீக்கரில் ரிங் போகிறது. பாஸ்கர் என்னைப் பார்க்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன். கட் செய்யக் கை வரவில்லை.

ஸ்டெல்லாம்மா போனை ஜெனி எடுத்தாள். "சொல்லுங்க அங்கிள்."

பாஸ்கர் என் பக்கம் நீட்டினார். நான்தான் போனை வாங்கினேன். "பாப்பா... அத்த நிறுத்தணும். எங்களுக்குத் தெரியல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"போஸ்ட்டுக்குக் கீழ 'வியூ ரிசல்ட்ஸ்'னு இருக்கும் தாத்தா. அங்கிளைத் தொடச் சொல்லுங்க. மேல மூணு புள்ளி வருதா? அதுல டெலீட்... அவசரப்படாதீங்க, வேற எதுவும் அழிஞ்சிடாது."

நின்றது. படத்தையும் எடுத்தாகிவிட்டது.

பேஜில் இனி யார் பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ரேட் வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள்... மேப் சரியாகத்தான் காட்டும்.

போய் வாங்க ஸ்டெல்லாம்மா.