பனிமூட்டத்தோடு நுழைந்த வெப்பம்

குளிரறை காப்பவனின் பகைவன் எந்நேரமும் வாசலிலேயே நிற்கிறான். வெப்பம் என்னும் அவனுக்கு உருவம் கிடையாது. ஓசூர்ப் பக்கத்து ரோஜா விவசாயிகளின் மலர்களைக் காக்கும் அறை ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. என்னைப் போல் குளிரறையோடு அல்லலுறும் அன்பர்களுக்கு இது புரியும்.

மூச்சிழுக்கும் அறை

சித்திரை வெயிலில் கதவைத் திறந்தால், வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் திரை தானாக அசையும். மேலே அனல் உள்ளே பாயும்; கீழே குளிர் நம் கால்களைத் தடவியபடி வெளியேறும். சுமை ஏற்றும் அஞ்செட்டி மாதேஷ் ஒருநாள் வெளிறிய முகத்தோடு சொன்னான்: "உள்ள யாரோ மூச்சு இழுக்குறாங்க சாமி, சாத்திரலாம்!"

அசையாத திரை

ஐப்பசியில் ஒரு காலை. எதிரே நின்ற லாரியும் தெரியாத மூடுபனி. கெலவரப்பள்ளி விவசாயி ரத்னம்மாவின் முதல் ஏற்றுமதிச் சரக்கு உள்ளே இருந்தது. வெளிநாட்டார் மொட்டுகளைத்தான் ஏற்பார்கள். இதழ் விரிந்தால் ஓராண்டு உழைப்பும் வீண்.

அன்று திரை சிறிதும் அசையவில்லை. மாதேஷ் கதவுக்கு ஒரு பெட்டியை முட்டுக்கொடுத்துவிட்டு மற்றவர்களின் மலர்களை நிதானமாக அடுக்கினான். அவன் போய்வரும்போதெல்லாம் மூடுபனியும் உடன் புகுந்தது. கதவை ஏன் சாத்தவில்லை என்று கேட்டேன். "வெளியவும் சில்லுன்னுதான இருக்குது, உள்ள போறதுக்கு சூடு எங்க சாமி இருக்குது?" எனக்கும் அது சரியென்றே பட்டது.

இருளில் விரிந்தவை

பிற்பகலில் குளிரூட்டி ஊளையிட்டது. குழாய்களின் மேல் பனிக்கட்டி வெண்புற்றாக வளர்ந்து காற்றின் வழியை அடைத்திருந்தது; அறையில் குளிர் இல்லை. விளக்கைப் போட்டேன். யாரையோ எதிர்கொண்டு நிற்பவைபோல் அத்தனை மொட்டுகளும் மலர்ந்திருந்தன. சரக்கை அனுப்பிவைக்க வந்திருந்த ரத்னம்மா ஒன்றைக் கையிலெடுத்தார். "பிளேன் ஏறதுக்கு முன்னாடியே எல்லாம் சிரிச்சிருச்சே சாமி, இனி எவன் எடுப்பான்?"

உலகின் குளிரறை

அவருடன் வந்த மகள் கவிதா பெங்களூரில் வானிலை படிப்பவள். குழாயின் மேலிருந்த பனிக்கட்டியைத் தொட்டுப் பார்த்து விளக்கினாள். மூடுபனிக் காற்று சூடாக இல்லாவிட்டாலும் அதன் ஈரத்துக்குள் வெப்பம் ஒளிந்திருக்கிறது. ஈரம் உறையும்போது அது வெளிப்படுகிறது.

துருவங்கள் உலகின் குளிரறைகளாம். புவி சூடாகும்போது வடதுருவம் மற்ற இடங்களைவிட விரைவாகச் சூடாகிறது. வெப்பநாடுகளுக்கும் அதற்குமுள்ள இடைவெளி சுருங்க, காற்று நேராகச் சுமக்கும் வெப்பம் குறைகிறது. ஆனால் சூடான காற்று கூடுதல் நீராவியை ஏந்திச் செல்கிறது. அங்கே அது மழையாகவும் பனியாகவும் மாறி, மறைத்துக் கொணர்ந்த வெப்பத்தை இறக்கிவிடுகிறது. ஒன்றின் குறைவை மற்றொன்று ஈடுசெய்கிறது.

கண்ணுக்குப் புலப்படாமல் எங்கும் உறைபவனை நாள்தோறும் தொழுகிறவன் நான். ஆயினும் அந்தக் கணம் முதுகு சில்லிட்டது. "அங்கே கதவைச் சாத்துவது யார், அம்மா?" என்றேன். அவள் சொன்னாள்: "அந்த ரூமுக்குக் கதவே இல்லைங்க, ஐயா."

ரத்னம்மாவின் ரோஜாக்கள் விமானம் ஏறாமல் மலைக்கோயில் இறைவனின் தோளேறின. வெயிலுக்கு மட்டுமே கதவடைத்துவந்த நானோ, இப்போதெல்லாம் இதமான காலையைக் கண்டால்தான் நடுங்குகிறேன்.