நீர்த்துளிக்குள் நிமிர்ந்து நின்றவன்

சென்ற மார்கழியில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், கொல்லிமலையில் நடந்தது இது. நம்ப மனமில்லாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இதில் ஒரு சொல்லும் கூட்டி எழுதப்படவில்லை.

நாமக்கல்லில் மருந்துக்கடை நடத்தும் கோகிலவாணிக்குப் பூச்சிகளைப் படமெடுப்பதில் தீராத ஆசை. புதிய மேக்ரோ லென்ஸ் கட்டுப்படியாகவில்லை. சேலத்தில் பழைய கேமராக்கள் விற்கும் கடையில் குறைந்த விலைக்கு ஒன்று அகப்பட்டது. விளிம்பில் கீறல் இருந்தாலும் கண்ணாடி பழுதற்றது. எறும்பின் காலிலுள்ள மயிரைக்கூட எண்ணிவிடலாம்! அந்த மகிழ்ச்சியோடு மலைமேல் திருப்புலி நாடு என்னும் ஊர்ப்பகுதியில் குழந்தைசாமியின் மிளகுத் தோட்டத்துக்குப் போனாள்.

"எறும்பைப் படம் புடிக்கவா பஸ் ஏறி வந்தீங்க? எங்க ஊட்டுச் சக்கரை டப்பாவைத் தொறந்தா ஆயிரம் கெடக்குதுங்க" என்று சிரித்தாள் அவர் மனைவி பாப்பாயி.

குழந்தைசாமி சிரிக்கவில்லை. "பனி எறங்குனா நின்ன எடத்துலயே நின்னுக்கங்க. பக்கத்துல ரெண்டாள் ஆழத்துக்குப் பள்ளம். நான் கூவுவேன், பதிலுக்குக் கூவுங்க. சத்தத்தைப் புடிச்சு வந்துருவேன்."

மூடுபனியில் மிளகு பறிப்பவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வது அப்படித்தான்.

3.10. பனி இறங்கியது. கோகிலவாணி ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் அசையாமல் அமர்ந்தாள். மிளகுக்கொடியின் இலைநுனிகளில் துளிகள் திரண்டன. ஒன்றை லென்ஸில் பிடித்தாள். துளிக்குள் தெரிபவை தலைகீழாகவே இருக்கும், அது இயற்கை. எதிரிலுள்ள மரங்கள் வேர் மேலே, கிளை கீழே என்று நின்றன.

அவற்றின் நடுவே ஓர் ஆள். அவன் மட்டும் நிமிர்ந்து நின்றான்.

கேமராவை இறக்கிப் பார்த்தாள். பனியில் மங்கிய மரங்கள் மட்டுமே. ஆள் இல்லை.

3.22. "ஓ..."

குழந்தைசாமி என்று எண்ணினாள். "ஓ..." என்று கூவினாள்.

அடுத்த துளியில் அந்த ஆள் சற்றுப் பெரிதாகத் தெரிந்தான்.

மீண்டும் "ஓ...". மீண்டும் பதில். காலடி ஓசை இல்லை. சருகு நொறுங்கவில்லை. துளிக்குத் துளி அவன் மட்டும் நெருங்கினான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாம் கவிழ்ந்து தெரியும் துளியில் ஒருவன் நிமிர்ந்து தெரிகிறான் என்றால், வெளியே அவன்... தலைகீழாக இருக்கிறான்.

வாயை மூடிக்கொண்டாள். பின்னே முள்வேலி. பக்கத்தில் எங்கோ பள்ளம். எங்கே ஓடுவது?

4.05. "ஓ..." மிக அருகில். அவள் பதில் தரவில்லை.

துளி முழுவதும் ஒரு முகம்.

கேமராவிலிருந்து கண்ணை எடுத்தால்... நேர் எதிரே...

எடுக்கவில்லை. மூச்சையும் அடக்கினாள்.

லென்ஸின் முன்கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

எதிர்ப்பக்கத்திலிருந்து.

தெளிந்தது.

மறுபடியும் படர்ந்தது...

4.45க்குப் பனி விலகியது. எதிரே யாருமில்லை. குழந்தைசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார். "கோவிச்சுக்காதீங்க. மூட்டை ஏத்த ரோட்டுக்குப் போனவன் பனியில மாட்டிக்கிட்டனுங்க. ரொம்பத் தூரம், நான் கூவவே இல்லீங்க."

அவர்கள் வீட்டில் அவள் நடந்ததைச் சொன்னாள். பாப்பாயியின் முகம் வெளுத்தது.

"ராசுங்க. எங்ககிட்டப் பறிப்புக்கு வந்தவன். போன தையில, நீங்க உக்காந்த அதே மரத்துல, ஏணியில கால் மாட்டித் தலைகீழாத் தொங்கிட்டான். பனியில யாருக்கும் தெரியல. கூவிட்டேதான் இருந்தான். நாலே முக்காலுக்குப் பனி வெலகுறப்ப உசுரு இல்லீங்க."

குழந்தைசாமி தலை நிமிராமல் கேட்டார்: "நீங்க எத்தனை வாட்டி பதில் கூவுனீங்க?"

"ரெண்டு வாட்டி. அப்புறம் நிறுத்திட்டேன்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"அன்னைக்கு நாங்களும் ரெண்டு வாட்டிதாங்க பதில் கூவுனோம். எப்பவும் சும்மாவே கூவி வெளையாடுறவன்தானேன்னு... அப்புறம் நிறுத்திட்டோம்."