அளவுத் தூணுக்குக் கீழே

ஆத்தூர் அணை நிரம்பி மறுகால் பாய்கிறது என்று தெரிந்துவிட்டால் திண்டுக்கல்லில் பாதிப்பேர் வீடு தங்கமாட்டார்கள். எங்கள் குழாய்க்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது, அதுவும் நினைத்தபோது. காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்து, அணையில் எத்தனை அடி என்று கவலைப்படுகிற மகராசன்களே மதியம் பிரியாணிப் பொட்டலத்தோடு போய் அந்தத் தண்ணீரில் எச்சில் கையை அலசுவார்கள். பிள்ளைக்கு அதிலேயே கால் கழுவிவிடுவார்கள். மறுவாரம் குழாய்த் தண்ணீர் நாறுகிறது என்று சண்டைக்குப் போவார்கள். இந்த ஜனங்களுக்கு எதற்கு அணை? கை கழுவ ஒரு தொட்டி கட்டிக் கொடுத்திருந்தால் போதும்.

அதனாலேயே கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாக என் மனைவியை அங்கே கூட்டிப்போகாமல் தட்டிக்கழித்தேன். போன ஐப்பசியில் அவள் விடவில்லை.

"செத்த நேரம் கால நனைச்சுட்டு வந்துருவோங்க" என்றாள்.

அவளுக்குச் சர்க்கரை உண்டு. வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது, காலில் புண் வந்தால் ஆறாது என்று டாக்டர் படித்துப்படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் படித்துறைக்குப் போனதும் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். குடிக்கிற தண்ணீரைச் செருப்புக் காலோடு மிதிக்கக்கூடாதாம். அந்தக் கூட்டத்திலேயே அணைக்கு மரியாதை கொடுத்த ஒரே ஆள் அவள்தான். நானும் மடையன் மாதிரி வாங்கிக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் சிவந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அவளுக்கு வலிக்கவே இல்லை.

ஊருக்கு வந்து, சுண்டுவிரலுக்கடியில் இருந்து டாக்டர் எடுத்த பாட்டில் துண்டைப் பார்த்தேன். ஒரு பக்கம் பாசி ஏறியிருந்தது. நேற்று வந்தவன் போட்டதல்ல.

அந்தப் படிக்கு மேலேதான் நீர்மட்டம் பார்க்க அடிக்கணக்கு எழுதிய தூண் நிற்கிறது. காலேஜ் படிக்கையில் நாங்கள் நாலு பேர் சனிக்கிழமை தவறாமல் அங்கே போய்க் குடிப்போம். குடித்து முடித்த பாட்டிலைக் கரையில் நின்று அந்தத் தூணில் எறிவோம். எந்த எண்ணில் படுகிறது என்று பந்தயம். எனக்குக் குறி தப்பாது. அதில் பெருமை வேறு. சில்லுகள் படியெல்லாம் சிதறும். ஒருநாளும் குனிந்து பொறுக்கியதில்லை. பிரியாணிக் கையை அலசுகிறவனைக் கேவலமாகப் பேசும் யோக்கியன் நான்.

விரல் கறுத்துப்போய் எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்களாவது தப்ப வேண்டும் என்று தினமும் நானே புண்ணைத் துடைத்துக் கட்டுப்போடுகிறேன். பாட்டில் எறிந்த கதையை அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியமில்லை.

ஒருநாள் கட்டுப்போடக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், "எந்தக் காலிப்பய எறிஞ்சானோ, அவன் கை வெளங்குமா?" என்றாள்.

நான் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். "வெளங்காது" என்றேன்.