துடைக்கும் ஆறு வரி

என் அண்ணன் வாஷிங்மெஷின் மெக்கானிக். தெருவில் அவனுக்குக் 'கைராசி' என்றுதான் பெயர். செத்துப்போன போர்டு அவன் கைக்குப் போனால் மறுநாள் எழுந்து உட்காரும். பேச்சில் மட்டும் மகா கஞ்சன்.

அப்படிப்பட்டவன் நாற்பத்தெட்டு வயதில் அசெம்பிளி என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்க உட்கார்ந்தான். அதுவும் முப்பது வருடத்துக்கு முந்தைய வீடியோ கேம் பெட்டிக்காக. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

காரணம் எங்கள் அம்மா. அவனுக்குப் பதினேழு, எனக்குப் பத்து வயது அப்போது. பரீட்சையில் கோட்டைவிட்டதற்கு, கூட்டாளிகள் எதிரிலேயே அம்மா அவனை அறைந்துவிட்டாள். அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினான். வீட்டில் சாப்பிடுவதையும் நிறுத்தினான். எங்கே சாப்பிட்டான் என்பது அவனுக்கே வெளிச்சம். சாயந்திரம் மட்டும் கேம் பெட்டி முன்னால் வந்து உட்காருவான். பெட்டியில் கேசட் செருகி ஆடும், ஊர் கட்டும் விளையாட்டு அது. வீட்டு வாசலில் பலகை நட்டு, அதில் எழுதலாம். பதினோராவது நாள், தையல் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அம்மா அவன் ஊரில் ஒரு பலகை நட்டாள். "உன் பொம்மை ஊர்ல உனக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவன் வீம்புக்கென்றே அன்றைக்குப் பெட்டியைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. அதற்கடுத்த நாள் அம்மா கம்பெனியில் மெஷின் மேலேயே சரிந்து, போய்விட்டாள்.

பலகை நட்ட அன்றைக்கே நான் ஒரு காரியம் செய்திருந்தேன். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. போட்டுப் பார்த்தேன், படித்தேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று பவரை அணைத்தேன். அந்த மாதிரி கேசட்டுகளில் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் சேமித்தது போய்விடும் என்று அண்ணன் நூறு முறை சொல்லியிருந்தான். ஆள் இல்லாத நேரம் மறுபடி போட்டேன். சேமித்த ஊர்களின் பட்டியலில் அவன் ஊரே இல்லை. இரண்டாம் நாள் அம்மாவும் இல்லை. பத்து வயதுப் புத்திக்கு இரண்டும் என் வேலை என்றே பட்டது. வாயைத் திறக்கவில்லை. பிறகு திறக்க முடியாமலே போயிற்று.

அண்ணன் அந்தக் கேசட்டைத் துணியில் சுற்றிப் பீரோவில் பூட்டினான். படிக்கத் துணிச்சல் வர அவனுக்கு முப்பத்தோரு வருடம் பிடித்தது. எடுத்துப் போட்டால் விளையாட்டு ஓடவில்லை.

"விளையாட்டு இருக்கிற சிப்புதான் செத்திருக்கு" என்றான். "அம்மா எழுதினது வேற சிப்புல இருக்கு. ஒரு குட்டி பேட்டரிதான் அதைக் காப்பாத்திட்டிருக்கு. அதுவும் இறங்கிட்டே வருது."

அதே விளையாட்டு வேறெங்கும் கிடைக்கவில்லை. ஆகவே செத்த சிப்பைக் கழற்றிவிட்டு, தானே நிரல் எழுதிய சிப்பை அங்கே மாட்டி, அம்மாவின் எழுத்தைத் திரைக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தான்.

அசெம்பிளியில் எதையும் மொத்தமாகச் சொல்ல முடியாது. ஒரு எண்ணை எடு, சிப்புக்குள் இந்த அறையில் வை, அடுத்த அறைக்குப் போ என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் மண்டையை உடைத்து டிவி முழுவதையும் நீலமாக்கினான். "இது ஒயரைப் பிடுங்கினாலே வருமே" என்றாள் அண்ணி. அவன் கண்டுகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் போய் உட்கார்ந்தேன். பாசம் என்று அண்ணி நினைத்தாள். வேவு பார்க்கத்தான் போனேன். அம்மாவின் எழுத்து இருக்க வேண்டிய அறைகள் காலி என்று பார்த்ததும் அவன் யோசிப்பான். வீட்டில் அப்போது இருந்தது யார் யார் என்று எண்ணுவான். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் போயிற்று.

பழகுவதற்கு வேறொரு கேசட் வைத்திருந்தான். அதைப் போடும்போதெல்லாம் பழைய குப்பை எண்கள் திரையில் வந்து குழப்பின. அதனால் நிரலின் தலையிலேயே ஆறு வரி சேர்த்தான். பவர் வந்ததும் சேமிப்பு அறை எல்லாவற்றிலும் பூஜ்யம் வைக்கும் வரிகள்.

"நிஜக் கேசட்டுக்கு இதை எடுத்துடணும்" என்றான் என்னிடம்.

நிஜக் கேசட்டில் மாட்டவிருந்த ஞாயிறு காலை, சிப்பில் ஏற்றுவதற்கு முன்னால் லேப்டாப்பில் நிரல் திறந்திருந்தது. அண்ணன் குளிக்கப் போயிருந்தான். ஆறு வரியும் அப்படியே இருந்தன. மறந்திருந்தான். எப்படியும் காலிதானே, பழி இந்த வரிகள்மேல் போகட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவன் தலை துவட்டிக்கொண்டு வந்தான், ஏற்றினான், பேட்டரி அசையாமல் சிப்பை மாட்டினான், பவரைப் போட்டான்.

திரை முழுக்கப் பூஜ்யம்.

அண்ணன் லேப்டாப்பை இழுத்து, மேலே அந்த ஆறு வரியில் விரலை வைத்தான். முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று.

"நானே துடைச்சுட்டேன்."

"முன்னாடியே காலியா இருந்திருக்கும்ணா" என்றேன். அதுவரை என் திட்டப்படியே எல்லாம் நடந்தது.

"இருக்காது. பட்டியல்ல ஊர் இல்லேன்னு விளையாட்டே காட்டினாக்கூட, பேரை மட்டும்தான் அது எடுக்கும். எழுத்து உள்ள அப்படியே கிடக்கும். காலைல வரைக்கும் இருந்திருக்கும்."

அன்றைக்கு நான் பவரை அணைத்தபோது போனது பெயர் மட்டும்தான். நான் அழிக்கவில்லை. முப்பத்தோரு வருடமாக நான் அழிக்கவே இல்லை. இன்று காலையில்தான் அழித்திருக்கிறேன்.

அவன் அழுதான். அம்மா போன அன்றுகூட அழாதவன்.

"திட்டித்தான் எழுதியிருப்பா."

"இல்லண்ணா. 'கோபம் போச்சு, சாப்பிட வா'ன்னு எழுதியிருப்பா."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஆறுதலுக்குச் சொல்லாத. அவளுக்கு அவ்வளவு சீக்கிரம் கோபம் போகாது."

எனக்கு எப்படித் தெரியும் என்று சொன்னால் நம்பியிருப்பான். நான் சொல்லவில்லை. சிப்பைக் கழற்ற வேண்டும், டார்ச்சைக் கொஞ்சம் பிடி என்றான். பிடித்தேன்.